பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு: உள்ளூர் வண்டியா, வெளிமாநில வண்டியா?



மளிகைக் கடைக்காரர்கள் இதழில் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் இன்று படித்து, தொழிலுக்கு வந்து, நாலு காசு பார்க்கிறார்கள். இரவு கடை அடைத்த பிறகு செல்போனை நீட்டி, "அப்பா, டெல்லியில் இந்தக் கார் பதினாலரை இலட்சம்தான். இதே கார் கோயம்புத்தூரில் பதினெட்டு சொல்கிறார்கள்" என்று காட்டுகிறார்கள். இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, புதிதாக வாங்கினால் அறுபது இலட்சம். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பதினாலரை இலட்சம் பெரும்பாலும் கடை முதலிலிருந்துதான் போகப் போகிறது. ஆகவே இது வீட்டு விஷயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை, வியாபார விஷயமும் ஆகிறது.

நாம் சொல்ல வருவது ஒன்றே. துவரம்பருப்புக்கு எப்படிக் கணக்குப் பார்க்கிறோமோ, அப்படியே காருக்கும் பார்க்க வேண்டும். குல்பர்கா பருப்பின் விலையையும் விருதுநகர் மொத்தக் கடை விலையையும் அப்படியே ஒப்பிட்டு நம்மில் யாரும் கொள்முதல் செய்வதில்லை. லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, தரகு, வரி, எடைக் குறைவு, பணம் முடங்கும் நாட்களுக்கு வட்டி எல்லாம் சேர்த்து, கடை வாசலில் வந்து இறங்கும்போது அடக்கம் என்ன என்று பார்த்த பிறகே முடிவு செய்கிறோம். பருப்பில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், காரில் மட்டும் விளம்பர விலையைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிடுகிறோம்.

உள்ளூர் என்பது எது?

ஸ்போர்ட்ஸ் கார் திண்டுக்கல்லில் எளிதில் கிடைக்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் உள்ளூர் வண்டி என்றால் தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள வண்டி என்று கொள்ளவும். சென்னை, கோவை, மதுரை மூன்றும் நமக்கு உள்ளூரே. தமிழ்நாட்டுக்குள் ஒரு கார் கைமாறினால் ஆயுள் வரி மீண்டும் கட்ட வேண்டியதில்லை. முதல் உரிமையாளர் கட்டியது வண்டியோடு வருகிறது. பெயர் மாற்றம், முகவரி மாற்றம், இன்சூரன்ஸ் மாற்றம் ஆகியவற்றோடு வேலை முடிகிறது.

கோயம்புத்தூர் நமக்கு அருகில் இருப்பது ஒரு வசதி. இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தய வீரர் நாராயண் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் திடல், பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் பெயரில் அமைந்தது. இத்தகைய வண்டிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் அங்கே உள்ளனர். வண்டியை வாங்குமுன் ஒரு முறை அவர்களிடம் காட்டிவிடலாம். டெல்லியில் நிற்கும் வண்டியை அப்படிக் காட்ட முடியுமா?

டெல்லி வண்டி ஏன் மலிவு?

காரணம் இல்லாமல் எந்தச் சரக்கும் விலை குறைவாக வருவதில்லை. டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. 2025இல் இது மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, நடவடிக்கைகளுக்குத் தற்காலிகத் தடை கிடைத்தது. இந்த நிச்சயமற்ற நிலையில், வண்டி நன்றாக இருந்தாலும் கெடு நெருங்கும்போது அங்குள்ளவர்கள் விற்கப் பார்க்கிறார்கள். வாங்க அங்கே ஆளில்லை, ஆகவே விலை இறங்குகிறது. இது நியாயமான காரணம். இதனால் மட்டும் வண்டியைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அந்த மலிவு விலையில் தமிழ்நாட்டு ஆயுள் வரி சேரவில்லை. 2023 நவம்பரில் நம் மாநிலத்தில் கார்களுக்கான ஆயுள் வரி உயர்த்தப்பட்டது. புதிய கார் 5 இலட்சம் வரை என்றால் 12 சதவீதம், 10 இலட்சம் வரை 13, 20 இலட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வெளிமாநிலத்தில் பதிவான பழைய வண்டியை இங்கே கொண்டு வந்தால், வண்டியின் வயதுக்கு ஏற்ப விகிதம் குறையும். ஆனால் நாம் கொடுத்த பதினாலரை இலட்சத்துக்கு அந்த விகிதம் போடுவார்கள் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலை என்பதுதான் கணக்குக்கு அடிப்படையாக வரும். அறுபது இலட்சத்து வண்டியில் ஒவ்வொரு சதவீதமும் அறுபதாயிரம் ரூபாய். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி. புத்தக நகலையும் முதல் பில் நகலையும் வாங்கிக்கொண்டு திண்டுக்கல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், இந்த வண்டிக்கு வரி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வதே முதல் வேலை.

முதல் உரிமையாளர் டெல்லியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பப் பெறலாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். விதி இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த மாநில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அலைய வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். வராத கடனைப் பேரேட்டில் எப்படி எழுதுவோமோ அப்படியே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வந்தால் இலாபம்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கு உண்மைத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

கோவை வண்டி: விலை ரூ.18,00,000. மெக்கானிக் சோதனை ரூ.15,000. பெயர் மாற்றச் செலவு ரூ.10,000. அடக்கம் ரூ.18,25,000.

டெல்லி வண்டி: விலை ரூ.14,50,000. இரண்டு பேர் இரண்டு முறை போய்வரச் செலவு ரூ.50,000. சோதனை ரூ.15,000. டிரெய்லரில் ஏற்றி வர ரூ.60,000. தடையில்லாச் சான்று, புரோக்கர் செலவு ரூ.25,000. ஆயுள் வரி ரூ.3,00,000 என்று வைத்துக்கொள்வோம். காகிதம் முடிய மூன்று மாதம் ஆனால், நூற்றுக்கு ஒன்றரை வட்டி வீதம் பதினாலரை இலட்சத்துக்கு ரூ.65,250. அடக்கம் ரூ.19,65,250.

மூன்றரை இலட்சம் மலிவு என்று தொடங்கிய வண்டி ரூ.1,40,250 கூடுதலாக முடிகிறது. அதே வண்டிக்கு வரி ஒரு இலட்சம்தான் என்று தெரிந்தால் அடக்கம் ரூ.17,65,250 ஆகும். அப்போது டெல்லி வண்டி ஏறத்தாழ அறுபதாயிரம் இலாபம். ஆக, வரி ஒன்றே கணக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வண்டியின் விலையைப் பேசிப் பயனில்லை.

"டிரெய்லர் எதற்கு, நாமே ஓட்டி வந்துவிடலாம். திண்டுக்கல் வழியாகப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலைதானே டெல்லிக்கும் போகிறது" என்று இளைஞர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். முன்பின் பழகாத பழைய வண்டி, நாக்பூருக்கு அருகே நின்றுபோனால் டிரெய்லர் வாடகையைவிட அதிகம் செலவாகும்.

காகிதமும் கெடுவும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இந்த விஷயத்தில் தெளிவாகவே உள்ளது. வண்டி கைமாறினால், அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டி என்றால், 45 நாட்களுக்குள் தடையில்லாச் சான்று முதலியவற்றை அனுப்ப வேண்டும். வாங்கியவர் தம் ஊர் அலுவலகத்தில் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். தடையில்லாச் சான்றுக்கு 28. வண்டி மேல் கடன் இருந்து தீர்ந்திருந்தால், அதை நீக்க 35.

"ஒரு வருடம் வரை வெளிமாநில எண்ணிலேயே ஓட்டலாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்ற விதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சொந்த வண்டியோடு வேலை மாற்றலில் வருபவருக்கு அது உதவும். விலைக்கு வாங்கியவருக்குப் பெயர் மாற்றக் கெடு தனி. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்ப முடியாது.

பி.எச். என்று தொடங்கும் பாரத் வரிசை எண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021இல் வந்த அந்த வசதி அரசு ஊழியர், இராணுவத்தினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர் ஆகியோருக்கு உரியது. கடைக்காரர்களான நமக்குக் கிடைக்காது. அந்த எண் உள்ள வண்டியை நாம் வாங்கினால் நம் மாநில வரியைக் கட்டிச் சாதாரண எண்ணுக்கு மாற்ற வேண்டும். அந்த வரியையும் அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

வண்டி 15 ஆண்டை நெருங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

பெரிய இடத்து அனுபவம்

காகிதத்தில் ஏமாறுவது நம்மைப் போன்ற சிறிய வியாபாரிகள்தான் என்று நினைக்க வேண்டாம். 2017இல் கேரளத்தில் பெரும் பணக்காரர்களும் திரைப்பட நடிகர்கள் சிலரும் விலையுயர்ந்த கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து கேரள வரியைத் தவிர்த்ததாகப் புகார் எழுந்து வழக்குகள் பதிவாயின. காட்டிய முகவரியில் அவர்கள் குடியிருக்கவில்லை என்பதே புகார். இன்றும் சில புரோக்கர்கள் "புதுச்சேரி எண்ணிலேயே இருக்கட்டும், ஒரு வாடகை முகவரி போட்டுக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்கிறார்கள். வரி மிச்சம் என்று தொடங்கும் வேலை போலீஸ் வழக்கில் கொண்டுபோய் விடும்.

அடுத்தது 2025 செப்டம்பரில் நடந்தது. பூட்டான் நாட்டிலிருந்து பழைய உயர்ரக வண்டிகளைச் சுங்கத் தீர்வை கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டு வந்து, வட மாநிலங்களில் போலி ஆவணங்களைக் காட்டிப் பதிவு செய்து, கேரளம் வரை விற்றிருக்கிறார்கள் என்று கொச்சி சுங்கத் துறை சோதனை நடத்தியது. நடிகர்கள் வீடுகள் உட்படப் பல இடங்களில் சோதனை நடந்து, முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கைப்பற்றப்பட்டன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வண்டிகளுக்கும் ஆர்.சி. இருந்தது, எண் இருந்தது. ஆர்.சி. இருப்பதாலேயே அதற்கு முந்தைய காகிதம் சரி என்று ஆகிவிடாது. முழுதாக இறக்குமதியான வண்டி என்றால், முதன்முதலில் நாட்டுக்குள் வந்தபோது தீர்வை கட்டிய சுங்க ஆவணத்தைக் கட்டாயம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

காகிதத்தைச் சோதிக்க வழிகள் உள்ளன. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு நாள், இன்சூரன்ஸ் முடியும் நாள், வண்டி மேல் கடன் உண்டா என்பவை தெரியும். அபராத பாக்கியும் தெரியும். திருட்டு வழக்கில் உள்ள வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பார்க்கலாம். அங்கே கிடைக்கும் இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். போட்டோவில் பார்ப்பது போதாது.

வண்டியைப் பார்க்கும் முறை

மூட்டையைக் குத்திப் பார்க்காமல் அரிசி வாங்குகிறோமா? வண்டியையும் அப்படித்தான். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், நம் எதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்புவது சர்வ சாதாரணம். சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். மீட்டர் இருபதாயிரம் காட்டி, பிரேக் மிதிக்கட்டை வழுவழுவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கும் பழக்கம் உள்ள நமக்கு இது எளிது. ஸ்போர்ட்ஸ் கார் டயர் ஒரு செட் மாற்றுவது பெரிய செலவு. பழைய டயர் என்றால் அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அத்தகைய வண்டிகளைச் சுத்தம் செய்து பல ஊர் தள்ளி விற்பவர்கள் உண்டு. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். கதவுகளைச் சாத்தி வைத்துத் திறந்தால் நமுத்த வாடை வரும். இந்த விஷயத்தில் உள்ளூர் வண்டியும் விதிவிலக்கல்ல.

நம் சாலைகளையும் மறந்துவிடக் கூடாது. செம்பட்டியிலிருந்து ஆத்தூர் வருவதற்குள் வேகத்தடைகளில் இந்தத் தாழ்ந்த வண்டியின் அடிவயிறு உரசுமா என்று நினைத்துப் பாருங்கள்.

பணம் கொடுக்கல் வாங்கல்

ரொக்கம் வேண்டாம். ஒரே கொடுக்கல் வாங்கலில் 2 இலட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் உண்டு. கடைப் பெயரில் வாங்கும் வண்டி என்றால், ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த பகுதி வருமான வரிக் கணக்கில் வண்டியின் அடக்கமாக ஏறாது. தேய்மானமும் கிடைக்காது. ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, சாமான் ஏற்றும் வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். சொந்த உபயோகக் காருக்கு எடுக்க முடியாது. ஸ்போர்ட்ஸ் காரைக் கடைக் கணக்கில் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் நம்ப வேண்டாம்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானாக வந்துவிடும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. 14 நாட்களுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் 2009இல் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவர் வண்டியை விற்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டுப் பணம் வந்ததே போதும் என்று இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். நாம் வாங்கும் வண்டியை விற்பவருக்கும் இதே பயம் இருப்பதால், பெயர் மாற்றத்துக்கு அவரும் ஒத்துழைப்பார்.

எப்போது வெளிமாநிலம் போகலாம்?

போகவே கூடாது என்பது நம் கருத்தல்ல. நாம் தேடும் மாடல் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை, விற்பவர் முதல் உரிமையாளர், சர்வீஸ் பில்கள் முழுதும் உள்ளன, நம் சார்பில் ஒரு மெக்கானிக் நேரில் பார்த்துவிட்டார், வரித் தொகை கேட்டறிந்தாகிவிட்டது, அத்தனையும் சேர்த்த அடக்கம் உள்ளூர் விலையைவிடக் கணிசமாகக் குறைகிறது என்றால் தாராளமாகப் போகலாம். அப்போதும் முன்பணம் சிறிதாக இருக்கட்டும். தடையில்லாச் சான்று திண்டுக்கல் அலுவலகத்தின் பெயருக்குக் கைக்கு வந்த பிறகே பெரும் தொகை கொடுப்பது என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கெடு தாண்டிய டெல்லி வண்டி என்றால், நம் மாநிலத்துக்குச் சான்று கொடுப்பார்களா என்பதை முதலிலேயே உறுதி செய்யவும்.

இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் உள்ளூர் வண்டியே மேல். நாலைந்து மணி நேரத்தில் போய்ப் பார்க்கலாம். குறை இருந்தால் விற்றவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். பிடிக்காமல் திரும்ப விற்கும்போதும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் குறைவு.

கடைக்குச் சாமான் ஏற்ற மினி லாரி வாங்குபவர்களுக்கும் இதே கணக்குத்தான். எஃப்.சி.யும், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்டால் பெர்மிட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீபாவளி, பொங்கல் கொள்முதலுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போட வேண்டாம். காகிதம் மூன்று மாதம் என்பது ஆறு மாதம் ஆனால், வண்டி கொட்டகையில் நிற்கும், பணமும் அதோடு நிற்கும், பண்டிகைக்குச் சரக்கு எடுக்கக் கடன் வாங்க வேண்டி வரும். பிள்ளைகளின் ஆசையை மறுக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை அவர்கள் செல்போனை நீட்டும்போது ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, "அடக்கம் போட்டுக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். கணக்கு சரியாக வந்தால் வாங்குங்கள். வராவிட்டாலும், கடையை நடத்தப் போகும் பிள்ளை கொள்முதல் பழகியிருப்பான்.